பிளேட்டு அண்ணனின் இடது கண்

ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்த மாத்திரத்தில், உள்ளே இருப்பவர்களை அவர்கள் தாய்மொழியிலேயே வரவேற்கக்கூடிய மனிதர் காஞ்சிபுரத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கடை பிளேட்டு அண்ணன். அவரிடம் இருந்த ஒரே குறை, நம்பர் பிளேட் அவர் கண்ணுக்குத் தெரியாது.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் அப்போது நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அவருக்கு நான் 'பில்லு'. வெளியூர்க் கார்களை ரோட்டிலேயே மடக்கி, மொபெட்டில் முன்னால் போய் வழிகாட்டிக் கடைக்குக் கூட்டிவருவது அவர் வேலை. ஏ.பி. என்றால் தெலுங்கு, கே.ஏ. என்றால் கன்னடம், கே.எல். என்றால் மலையாளம். ஒவ்வொரு மொழியிலும் அவருக்குத் தெரிந்தது 'வாங்க' மட்டும்தான். அதை வைத்தே காலத்தை ஓட்டினார்.

மூக்கின் மேல் பாட்டில் அடிபோல ஒரு கண்ணாடி. அதன்மேல் ஹெல்மெட் மாட்டினால் ஆவி படியும். கழற்றினால் ரோடே தெரியாது. ஒரு முறை விரட்டிக்கொண்டு போய் ஒரு வண்டியை மறித்து, "துணி எடுக்கணுமா சார்?" என்றார். அது அமரர் ஊர்தி. டிரைவர் நிதானமாக, "எடுத்தாச்சுபா, போத்தியும் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதையாவது விடலாம். கல்யாணப் புடவை எடுக்கச் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. டி.என். என்பதை அண்ணன் கே.ஏ. என்று படித்தார். ஜன்னலோரம் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவைக் கும்பிட்டு, வாய் நிறைய, "பன்னி மேடம், பன்னி" என்றார். கன்னடத்தில் அதற்கு 'வாருங்கள்' என்று அர்த்தம். சேலத்தில் வேறு அர்த்தம்.

முதலாளி கத்தவில்லை. "ஆவணி முகூர்த்தத்துக்குள்ள கண்ண சரி பண்ணிக்கபா. இல்லன்னா உள்ள ஒக்காந்து புடவ மடி. ரோடு ஒனக்கு வேணாம்" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கு அண்ணன் டீ குடிக்கவில்லை. "மடிக்கறது நல்ல வேலதான் பில்லு. ஆனா ஃபேனுக்குக் கீழ ஒக்காந்துக்கினு நான் யாரக் கூப்புடுவன்?" என்றார். லேசர் பண்ணிக்கொள்வது என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டார். அவர் ஒன்றை முடிவு பண்ணினால் தேர் நிலையை விட்டுக் கிளம்பின மாதிரி, நாம் ஓரமாக நின்றுகொள்ள வேண்டியதுதான்.

ஊரிலேயே இருந்த கண் ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான்தான் போனேன். டாக்டரம்மா எல்லாம் சோதித்துவிட்டு, "ரெண்டு கண்ணையும் ஒரே நாள்ல பண்ணிடலாம்" என்றார்.

"இல்லமா. எடது மட்டும்."

"ஏன்?"

"காஞ்சிபுரத்துல எடது கண்ணுதான். வலதுக்குத் திருவாரூர் போவணும்."

கண்ணிழந்த அடியார் ஒருவருக்கு எங்கள் ஏகாம்பரநாதர் இடக்கண்ணை மட்டும் கொடுத்தார், வலக்கண் திருவாரூரில்தான் கிடைத்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை ஆஸ்பத்திரியில் சட்டமாக்கியவர் இவர் ஒருவர்தான். டாக்டரம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். "சாமியாலயே ஒரே ஊர்ல ரெண்டும் குடுக்க முடியல. ஒங்களால ஆவுமா?" என்று கேட்டார் அண்ணன். எனக்கு மானம் போயிற்று.

இடது கண்ணில் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமை மூடாமல் கிளிப் போட்டு, மேலே தெரியும் வெளிச்சத்தையே பார்க்கச் சொன்னார்களாம். லேசர் ஓடும்போது முடி கருகுகிற வாசனை வந்திருக்கிறது. எங்கள் கடையில் நூலைக் கொளுத்தி, அந்த வாசனை வந்தால்தான் அசல் பட்டு என்போம். இவர் படுத்தபடியே, "இன்னாமா, ஒரிஜினலான்னு டெஸ்ட் பண்றீங்களா?" என்று கேட்க, டாக்டரம்மா, "வாய மூடலன்னா டூப்ளிகேட் ஆயிடும்" என்றாராம்.

அடுத்து வந்தது ஒற்றைக்கண் ராஜ்ஜியம். பழைய கண்ணாடியில் இடது பக்க வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் வளையத்தோடு மாட்டிக்கொண்டார். ஒரு கண்ணில் உலகம் பெரிதாகவும், மறு கண்ணில் சிறிதாகவும் தெரிந்தது. "பில்லு, ஒரு காரு வருது. பக்கத்துலயே அதோட குட்டியும் வருது" என்பார். தலைவலியில் துடிப்பார். அப்போதும் வலது கண்ணுக்குக் காஞ்சிபுரத்தில் சம்மதிக்கவில்லை. திருவாரூருக்குப் போனார், கோயிலில் கும்பிட்டார், திரும்பி வந்து நேராக டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"சாமிகிட்ட கேட்டுட்டேன். இங்கயே பண்ணிக்கன்னுட்டாரு."

"சாமி பேசினாரா?"

"வேணாம்னு சொல்லலியே."

வலது கண்ணும் முடிந்தது. ஆனால் அந்தக் கண் உடனே தெளியவில்லை, அதன் புகைமூட்டத்தில் இடது கண்ணில் தெரிந்ததும் சேர்ந்து கலங்கியது. ஆறும்வரை பொறுக்கச் சொன்னார் டாக்டரம்மா. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அண்ணன் புடவை மடித்தார். கண்ணைக் கசக்கக் கூடாது என்பதற்காகக் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. தினமும் கடை திறந்ததும் வாசல்படியில் நின்று ரோட்டைப் பார்ப்பார். "தெரிதாண்ணா?" என்பேன். "கலங்கலா இருக்குது" என்பார். உள்ளே வந்து மடிப்பார். எனக்குப் பயமாக இருந்தது.

ஆவணியில் கடை திறப்பதற்குள் கூட்டம் நின்ற ஒரு காலை, வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"பில்லு. அந்தாண்ட சிக்னல்ல நிக்குது பாரு. கே.எல்."

"கே.ஏ.வா இருக்கப்போவுதுண்ணா."

"கே.எல்.தான்பா. ஆணி அடிச்ச மாதிரி தெரியுது."

கறுப்புக் கண்ணாடியை என் பில் புக்கின் மேல் வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தார். சற்று நேரத்தில் அவர் பின்னால் கேரளக் கார் ஒன்று பவ்யமாக வந்து நின்றது. முதலாளி மடிக்க வேறு ஆள் போட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிறகு எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. சமீபத்தில்தான் கார் வாங்கி, முதல்முறையாக அதில் ஊருக்கு வந்தேன். கே.ஏ. பிளேட். காந்தி ரோடு திரும்பும்போதே தூரத்தில் அந்த மொபெட் கிளம்புவது தெரிந்தது. கன்னட வரவேற்புக்குத் தயாராகக் கார்க் கண்ணாடியை இறக்கினேன்.

பக்கத்தில் வந்தவர் பிளேட்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இப்பத்தான் ஊருக்கு வழி தெரிஞ்சுதா? வாடா, பன்னி."

சத்தியமாக அது கன்னடம் இல்லை. இத்தனை வாஞ்சையாக என்னை இதுவரை யாரும் வரவேற்றதும் இல்லை.