ஒன்பது விரற்கடை

மருத்துவ விஞ்ஞானத்துக்கு வடசென்னை வழங்கிய கொடைகளில் தலையாயது எது என்று யாராவது கேட்டால், கோதண்டத்தின் மண்ணீரல் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் கூலிகள் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆயிரம் பேருக்கும் மண்ணீரல் இருந்தது. ஆனால் பதினோரு வருஷமாக, பரீட்சைக்குப் பரீட்சை ஆள் அனுப்பி மரியாதையோடு அழைத்துவரப்பட்ட மண்ணீரல் ஒன்றே ஒன்றுதான்.

அழைத்தது லேடி கிரிம்ஷா ஆஸ்பத்திரி. ராயபுரத்து ஜனங்கள் வாயில் அது 'கிருமி சா' ஆகியிருந்தது. கிருமிகள் மட்டும் அந்த உத்தரவை மதிக்கவில்லை. ஆஸ்பத்திரியோடு ஒரு வைத்தியக் கல்லூரியும் இருந்தபடியால், மாணவர்கள் டாக்டராவதற்கு நோயாளிகளின் 'ஒத்துழைப்பு', அதாவது குணமாகாமல் இருப்பது, மிகவும் தேவைப்பட்டது.

அந்த ஒத்துழைப்பில் கோதண்டத்தை மிஞ்ச ஆளில்லை. நாற்பத்தோராம் வருஷம், ஒன்றுவிட்டு ஒருநாள் பல் கிட்டும் குளிர்காய்ச்சலோடு அவர் அங்கே போனார். புரொபசர் டாக்டர் ஹென்றி அவருடைய இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி ஒரு கட்டி. புரொபசரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அருமையான கேஸ்!" என்றார். உடனே அட்டையில் எழுதினார்: 'மண்ணீரல் வீக்கம், ஒன்பது விரற்கடை.' பிறகு வைத்திய ஆலோசனையும் வழங்கினார். "ஆறு மாசம் பூரண ஓய்வு. தினம் பால், ஆரஞ்சுப் பழம். சாயங்காலம் கடல் காற்று வாங்க வேண்டும். மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்."

கோதண்டத்தின் மனைவி முத்தம்மா மீன் விற்பவள், நெட்டுக்குப்பத்தில் பிறந்தவள். ஆலோசனையைக் கேட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "கடல் காத்து வாங்கணுமாமே? போன வாரம் அது வந்து நம்ம வூட்டுக் கூரையவே வாங்கிக்கினு பூட்ச்சு!"

ஆனால் கோதண்டத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் நல்ல கேஸாம், மாமு" என்று துறைமுகமெல்லாம் சொல்லிக்கொண்டார். "இன்னா கேஸு, திருட்டுக் கேஸா?" என்று கேட்ட அற்பர்களை அவர் மன்னித்தார். பரீட்சை நாளில் வார்டு பியூன் மஜீது வீட்டுக்கே வந்து அழைப்பான். வெள்ளை விரிப்பு, ரொட்டி, பால். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து வயிற்றை அமுக்குவார்கள். விழிக்கிற பிள்ளையைக் கண்டால் கோதண்டத்துக்கு மனசு கேட்காது. "ஸ்பிளீன், நைனா. ஒம்போது வெரலு" என்று உதடு அசையாமல் சொல்லிவிடுவார். இப்படி அவர் உருவாக்கிய டாக்டர்கள் அறுபதுக்குக் குறையமாட்டார்கள்.

இந்த மகத்தான கல்விப் பணிக்கு ஐம்பத்திரண்டில் ஓர் இடையூறு வந்தது. இடையூறின் பெயர் திருமலை. திருவொற்றியூர்ப் பையன், கடைசிப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவன். மூன்றாம் தடவையும் தவறினால், தான் வேலை பார்க்கும் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கே வந்து லேபில் ஒட்டும்படி அவன் அப்பா சொல்லிவிட்டார். ஆகவே பரீட்சைக்கு எட்டு மாதம் முன்பே, பழகிக்கொள்வதற்காகக் கோதண்டத்தின் வீட்டுக்கு வந்து வயிற்றில் கை வைத்தான்.

"ஒன்பது விரற்கடை" என்றான் சந்தோஷமாக.

வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்த முத்தம்மா நிமிர்ந்தாள். "தம்பி, நீயும் ஒம்போதுன்ற. பதினோரு வருசமா அல்லாரும் ஒம்போதுன்றாங்க. அத்தக் கரைக்கிறதுக்கு இன்னா மருந்துன்னு ஒர்த்தரும் சொல்லலியே?"

திருமலை விழித்தான். "அது... பரீட்சையில கேக்க மாட்டாங்கக்கா."

"நான் கேக்குறேனே. இந்தாளு குளுருல நடுங்கிக்கினு நெலக்கரி மூட்டை தூக்குறாரு. ஒருநாளு மூட்டையோட கடல்ல வுயுந்துட்டா, அப்பவும் நல்ல கேஸுன்னுதான் சொல்வீங்களா?"

திருமலைக்கு முகம் சிவந்துபோயிற்று. அன்றே அவன் புத்தகத்தைப் புரட்டினான். மலேரியா. மருந்தும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. இன்னும் அதிசயம், அதே 'கிருமி சா' ஆஸ்பத்திரியின் மருந்தறையில் கொயினாவும் புது மாத்திரைகளும் டப்பா டப்பாவாக இருந்தன. கேட்டான், கொடுத்தார்கள். பதினோரு வருஷமாக யாரும் கேட்காததுதான் குறை.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் நின்றது. மாதம் போகப்போகக் கட்டி கரைந்தது. கோதண்டம் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கினார். ஆனாலும் அவர் மனசில் ஒரு கிலி. 'கேஸு பூட்ச்சே!' இதை யாரிடம் சொல்வது?

பரீட்சை நாளில் மஜீது வந்து நின்றதும் பழக்கதோஷத்தால் போய்ப் படுத்துக்கொண்டார். டாக்டர் ஹென்றி அட்டையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வயிற்றைத் தொடவில்லை. பதினோரு வருஷத்து நண்பரைச் சந்தேகிப்பது பண்பாடு ஆகாதல்லவா?

முதல் மாணவன் வந்து அமுக்கினான். கோதண்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளே காலையில் தின்ற ரொட்டியைத் தவிர ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"மண்ணீரல், சார். ஒன்பது விரற்கடை!"

"சபாஷ்!"

இரண்டாமவன் ஒன்பது. மூன்றாமவனும் ஒன்பது. நாலாமவன் கொஞ்சம் ஆராய்ச்சி மனப்பான்மை உள்ளவன், "ஒன்பதரை" என்றான். ஏழு பேர் தடவித் தடவி, இல்லாத கட்டியைக் கண்டுபிடித்தார்கள். எட்டாவதாக வந்தான் திருமலை.

அவன் இடது விலாவுக்குக் கீழே கை வைத்தான். கோதண்டத்தின் கண் கலங்கிவிட்டது. தன்னைப் பிழைக்க வைத்த கை அது.

"ஒம்போதுன்னு சொல்லிடு, நைனா" என்று உதடு அசையாமல் கெஞ்சினார். "உன் காலுல வேணா வுயுறேன். சொல்லிட்டுப் பூடு."

திருமலை அவரைப் பார்த்தான். அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான்.

"மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை, சார்."

டாக்டர் ஹென்றி எழுந்தே விட்டார். "என்ன! குருடனுக்குக்கூடத் தட்டுப்படும் மண்ணீரல் அது! அட்டையில் இருப்பது உன் கைக்கு இல்லையா?"

கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார். "சார், மெய்யாலுமே கட்டி இல்ல சார். இந்தப் புள்ளதான் கரைச்சுது. நீங்களே கை வெச்சுப் பாருங்க!"

"நோயாளி பேசக் கூடாது" என்றார் புரொபசர். "பரீட்சை நடக்கிறது."

ஏழு பேர் தேறினார்கள். திருமலை தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு லேபில் ஒட்டப் போனான். உள்ளே குச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அங்கே பெட்டியை வெளியே அனுப்புவார்கள் என்பது அவனுக்கு ஓர் ஆறுதல். சாயங்காலம் தொழிற்சாலை வாசலில், காய்ச்சல்காரர்களின் கூட்டம் அவனுக்காகக் காத்து நிற்கும். எல்லாம் முத்தம்மாவின் வேலை. "பாஸான டாக்டருங்க கைல மாட்டிக்காத. பெயிலான டாக்டராண்ட போ" என்று மீனோடு சேர்த்து அந்த ஆலோசனையையும் தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்தாள்.

அடுத்த பரீட்சைக்கும் மஜீது வந்தான். "இன்னா முத்தம்மா, ஆளு எங்க? புரொபசரு கட்டியக் கொண்டாரச் சொன்னாரு."

"கட்டி இங்க இல்லய்யா. அது உங்க அட்டையிலதான் கீது. அத்தப் படுக்க வெச்சு, ரொட்டி பாலு குடுங்க."

மஜீது அப்படியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அட்டையைப் படுக்க வைத்தார்களோ என்னவோ தெரியாது. அந்த வருஷம் ஒருவர்கூடத் தவறவில்லை.