எங்க வீட்டு மனுசனும் இரும்பு வளையமும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் என் வீட்டுக்காரர் மக்கீன் வந்து நின்றார். ஒரு காதில் சேறு. மற்றக் காதில் பாசி. முகத்தில் மட்டும் ராஜாக் களை.

"ஜெஸீமா, இனிமே என்ட பைக் எந்த மலையிலயும் ஓஃப் ஆகாது."

"இன்டைக்கு எந்த மலையில ஓஃப் ஆச்சு?"

"அதப் பத்தி இப்பப் பேச்சில்ல" என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டார்.

அந்தப் பைக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற மனுசன். வயது ஐம்பதைத் தாண்டிக் கனகாலம். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து அவரவர் வழியில் போய்விட்டார்கள். அந்த வயதில் ஆட்களுக்கு முழங்கால் வலி வரும். இவருக்குக் காடு மலை ஏறுகிற ட்ரெய்ல் பைக் வந்தது. முழங்கால் வலியை நான் எடுத்துக்கொண்டேன்.

அது பழைய டூ ஸ்ட்ரோக் பைக். பெட்ரோலோடு ஒயிலும் குடிக்கும். காலையில் உதைத்துக் கிளப்பினால் அந்தப் புகைக்கு எங்கள் ஊர் உக்குவளையில் பாதிக்கு நுளம்புத் தொல்லை இராது. ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்து வீட்டுக் கூட்டாளி ஸஜ்ஜாத்தோடு ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துக் காட்டு ரோட்டுகளில் ஏறுவார், விழுவார், வருவார். விழுந்தேன் என்று மட்டும் சொல்லமாட்டார். இறங்கினேன் என்பார்.

எனக்கும் அந்தப் பைக்கில் ஒரு தேவை இருந்தது. என் இளைய மகள் ஷஸ்னாவை இவருடைய மூத்த சகோதரி றிஸ்மியாவின் மகன் றிகாஸுக்குத்தான் கட்டிக் கொடுத்தோம். றிகாஸ் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறியில் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவான். அவர்கள் வீடு ஒரு மிளகுத் தோட்டத்தின் உச்சியில். த்ரீவீல் அடிவாரத்துப் பாலத்தடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே ரோடு என்று சொல்கிறார்கள். எனக்கு அது நட்டு வைத்த ஏணி மாதிரித்தான் தெரியும்.

ஷஸ்னாவுக்கு இது முதல் பிள்ளை, நாலாம் மாதம். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மதினி றிஸ்மியா நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறா, குறை சொல்லக்கூடாது. ஆனாலும் பிள்ளை போனில், "உம்மா, நீங்க வந்து ஊட்டினா ஒரு வாய் இறங்கும்" என்று சொல்லும்போது என் வயிற்றுக்குள்ளும் எதுவும் இறங்கவில்லை. தொழுகையில் ஒவ்வொரு சுஜூதிலும் அதைத்தான் கேட்டேன். யா அல்லாஹ், அந்த மலையை எனக்கு லேசாக்கித் தா.

முன்பு ஒருமுறை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். பாதி ஏற்றத்தில் பைக் ஓஃப் ஆகி, நாங்கள் பின்னாலேயே வழுக்கி வந்து ஒரு அன்னாசிப் பாத்திக்குள் உட்கார்ந்தோம். எழும்பினதும் இவர் தீர்ப்புக் கொடுத்தார். ரெண்டு பேரைத் தாங்காது, எஞ்சின்ட சுபாவம் அப்பிடி. அதற்குப் பிறகு நான் ஆக்கிக் கொடுக்கிற சாப்பாட்டோடு தனியாகவே போய்வந்தார். பிள்ளை வயிறாரச் சாப்பிட்டது என்பார். பாத்திரத்தில் மீன் தலை மட்டும்தான் இருந்தது என்று பிள்ளை போனில் சொல்லும்.

எஞ்சினை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொஞ்சாதியும் சாப்பாட்டுப் பையும் பின்னால் இருந்தால் ட்ரெய்ல் பைக்குக்கு மரியாதை இல்லை என்று இவர் ஸஜ்ஜாத் நானாவிடம் சொன்னது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸஜ்ஜாத் நானாவின் மனைவி கைறுன்னிஸா வழியாக எனக்கு வந்து சேர்ந்திருந்தது.

இவர் சேற்றோடு வந்த அந்த ஞாயிறு என்ன நடந்தது என்பதும் அவ சொல்லித்தான் தெரியும். ஸஜ்ஜாத் நானாவின் பைக் கல்லுக்கு மேலே ஆமை மாதிரி மெதுவாக ஏறிப் போனதாம். எங்களுடையது நட்ட நடு ஓடையில் ஓஃப் ஆகி, இவர் தண்ணீருக்குள் "இறங்கி" இருந்தாராம். கொழும்பிலிருந்து வந்த பொடியன்மார் வீடியோ எடுத்தார்களாம்.

இரவுச் சாப்பாட்டில் இவர் எனக்குப் பாடம் எடுத்தார். எஞ்சினில் ஃப்ளைவீல் என்று ஒரு சக்கரம் சுற்றுகிறது. அது லேசாக இருந்தால் பைக் சட்டென்று பாயும், மெதுவாகப் போனால் சட்டென்று ஓஃப் ஆகும். அதில் ஒரு இரும்பு வளையம் பூட்டிப் பாரத்தைக் கூட்டினால் வேகம் எடுக்கச் சுணங்கும். ஆனால் சுற்றத் தொடங்கின சக்கரம் லேசில் நிற்காது. ஸஜ்ஜாத் அதைத்தான் செய்திருக்கிறான். கடைசியில், "உனக்கு இதெல்லாம் வெளங்காது" என்றார்.

பிள்ளைகளுக்கு ஸ்கூல் உடுப்பெல்லாம் கால் மிஷினில் தைத்தவள் நான். தடிச்ச துணி வந்து கால் தளர்ந்தாலும், பக்கத்துச் சக்கரத்தின் பாரம்தான் ஊசியை இழுத்துக்கொண்டு போகும். எனக்கு நன்றாக விளங்கியது. ஓஃப் ஆகாத பைக் யாரையெல்லாம் ஏற்றும் என்பது இவருக்கு இன்னும் விளங்கவில்லை என்பதும் விளங்கியது.

"நல்ல விசயம்தானே. செய்யுங்க" என்றேன்.

அடுத்த கிழமை கராஜ்காரத் தம்பி திவாகரன், லேத்தில் கடைந்த இரண்டு வளையங்களோடு வீட்டுக்கே வந்தார். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இவருக்கு யோசனை. பெரியதைப் போட்டால் பாய்ச்சல் போய்விடுமே என்று சின்னதைக் கையில் எடுத்தார். நான் இஞ்சிப் பிளேன்டீ வைத்துவிட்டு நின்றேன்.

"ஸஜ்ஜாத் நானா போட்டது எதாம்?"

"சின்னது, அக்கா" என்றார் திவாகரன்.

"அப்ப நீங்களும் அதையே போடுங்க" என்று இவரிடம் சொன்னேன். "இந்த வயசுக்கு அது போதும்தானே."

சின்ன வளையம் திரும்பத் திவாகரனின் துணிப்பைக்குள் போனது.

பெரியதைப் பூட்டி முடித்ததும் இவர் கை கழுவ உள்ளே போனார். நான் திவாகரனிடம், முறுக்குகிற கையை விட்டாலும் ஓஃப் ஆகாத மாதிரி வைக்க ஏலுமா தம்பி என்று கேட்டேன்.

"சும்மா நிக்கிற நேரத்து ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சாப் போதும்க்கா. எருமை மாதிரி ஏறும்."

"எருமை மாதிரியே வையுங்க தம்பி. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான்."

அதற்குப் பிறகு இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பள்ளிவாசலில் சொன்னார். கறிக்கடையில் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, எங்கள் கேட்டடியில் ஸஜ்ஜாத் நானாவையும் கைறுன்னிஸாவையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"ரெண்டு மூடை மிளகு பின்னால கட்டினாலும் ஷஸ்னாட மலையில முக்காம ஏறும், மச்சான்."

நான் கட்லட் தட்டோடு வெளியே வந்தேன்.

"ரெண்டு மூடையா? நான் ஒரு மூடைதானே வருவேன். நாளைக்குப் போவோம், இன்ஷா அல்லாஹ்."

கைறுன்னிஸா முந்தானையால் வாயைப் பொத்தினா. ஸஜ்ஜாத் நானா, கூட்டிக்கொண்டு போ மச்சான் என்று ஒரு கட்லட்டை எடுத்தார். இவர் வானத்தைப் பார்த்தார், மழை வரும்போல் இருக்கிறது என்றார். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பிறகு என்னவோ யோசித்து, சரி போவோம் என்று சின்னதாய்ச் சிரித்தார். இத்தனை வருசம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தச் சிரிப்புத் தெரியாதா? பைக்கை வேண்டுமென்றே ஓஃப் ஆக்கப் போகிறார்.

சனிக்கிழமை காலை. மடியில் சாப்பாட்டுப் பை. பாலத்தடி தாண்டினோம். ஏற்றம் தொடங்கினது. நான் ஸலவாத்து ஓதத் தொடங்கினேன்.

அன்னாசிப் பாத்திக்குக் கிட்ட வந்ததும் இவருடைய வலது கை தளர்ந்தது. பின்னால் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தம் குறைந்தது. டுக். டுக். டுக். பைக் நிற்கவில்லை. பிரேக்கை லேசாக மிதித்துப் பார்த்தார். அது ஒருமுறை முனகிவிட்டுத் தன்பாட்டில் ஏறியது. கையை முழுதாக எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்போதும் ஏறியது. வயலில் இறங்கின எருமை கூட இடையில் ஒருமுறை நின்று யோசிக்கும். இது அதுவும் இல்லை.

"இந்த முஸீபத்து ஓஃப் ஆகுதில்லையே" என்று முன்னால் முணுமுணுப்புக் கேட்டது.

"என்ன சொன்னீங்க?"

"மாஷா அல்லாஹ் எண்டு சொன்னேன்."

"ஓம். நானும் அதத்தான் சொல்றேன்."

மேலே ஷஸ்னா வாசலிலேயே நின்றிருந்தது. கன்னம் வற்றிப்போன என் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. சோறும் பருப்பும் பொரித்த நெத்தலியும் பிசைந்து ஊட்டினேன். ஒரு வாய், இன்னொரு வாய், கோப்பை காலி. வாந்தி வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ். திரும்பிப் பார்த்தால் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பைக் புகை என்றார். ஓஃப் பண்ணி வைத்த பைக்கில் ஏது புகை என்று நான் கேட்கவில்லை.

அந்த இளக்கத்தில் அவரே வாயைத் திறந்தார்.

"சரி ஜெஸீமா. ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டிக்கொண்டு வாறேன். ஞாயிறு மட்டும் என்ட நாள்."

அப்போதுதான் உள் அறைக் கதவு திறந்தது. மதினி றிஸ்மியா வந்தா. நல்ல அபாயா. கையில் குடை. தோளில் பை. மதினியும் என்னைப் போல நல்ல உடம்பு, முழங்காலும் அதே முழங்கால். மதினியின் கணவர் மௌத்தாகின பிறகு கல்யாண வீடு, மௌத்து வீடு எல்லாம் போனில்தான். வேற்று ஆம்பிளைக்குப் பின்னால் பைக்கில் இருக்க எங்கள் பெண்களுக்கு ஆகாது. மகன் லொறியில். மிச்சம் இருப்பது கூடப் பிறந்த தம்பி ஒருவர்தான். அந்தத் தம்பியை ஈர்க்குக் கட்டால் அடித்து வளர்த்த ராத்தாவும் மதினிதான்.

"மக்கீன், ஞாயித்துக்கிழமை நான் டவுனுக்குப் போகணும். ஒவ்வொரு ஞாயிறும்தான். இன்டைக்குப் பாலத்தடி மட்டும் போய்வந்து பழகிக்கொள்வோம்."

இவர் என் பக்கம் குனிந்தார்.

"ராத்தாக்கு யாரு சொன்ன?"

"நான் துஆச் செய்யச் சொல்லித்தானே ராத்தாக்குப் போன் எடுத்தேன்."

"அந்த வளையத்தக் கழட்டினா என்ன?"

"கழட்டலாமே. ராத்தாட்ட நீங்களே சொல்லுங்க."

இவர் ராத்தாவைப் பார்த்தார். ராத்தா குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தா.

மனுசன் குனிந்து, ராத்தா கால் வைக்கிற கம்பியை விரித்துக் கொடுத்தார்.