கொழுந்து மேசையில் தைல வாசம்

யோகராஜ் மேசைமேல் மறுபடியும் குனிந்து மூச்சை இழுத்தான். கொழுந்து மணக்கவில்லை. ஒன்றுமே மணக்கவில்லை.

றக்வான மலையில் அந்தத் தேயிலைத் தொழிற்சாலையே அவன் மூக்கை நம்பித்தான் ஓடியது. அரைத்த கொழுந்தைப் பரப்பிவைத்தால் முதலில் பச்சைப் புல்லாக மணக்கும். மெல்ல மெல்லச் செம்பு நிறமாகும்போது பழ வாசம் எழும். அந்த நேரம் பார்த்துக் காயவைக்கும் மெஷினுக்குத் தள்ள வேண்டும். முந்தினால் தேநீர் நாக்கைக் கடிக்கும், பிந்தினால் சப்பென்றாகும்.

போன வாரம் பிடித்த தடிமன், அந்த ஜலதோஷம், விட்ட இடத்தில் இப்போது கிருமி குடியேறியிருந்தது. நம் கன்ன எலும்புக்குள் சின்னச் சின்ன அறைகள் உண்டு. கிருமி புகுந்தால் அவற்றின் வாசல் வீங்கி மூடிக்கொள்ளும், உள்ளே சளி கட்டும். வாசம் அறியும் நரம்போ மூக்கின் கூரையில் இருக்கிறது. காற்றே மேலே ஏறாவிட்டால் அது பாவம், என்ன செய்யும்?

"டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லிருங்க," என்றாள் மனைவி கோகிலா. அவளுக்கும் அங்கேதான் வேலை, தூள் சலிக்கும் பகுதியில்.

"சொன்னா நாளைக்கே வெறகு தூக்க அனுப்பிருவாரு. அடுத்த மாசம் உதவி டீமேக்கர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காரு, புள்ள."

ஆவி பிடித்தான். மூக்கு சிவந்ததுதான் மிச்சம். பிறகு தைலத்தை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்வது தேயிலையின் குணம். அதனாலேயே அந்த அறைக்குள் பூவும் சென்ட்டும் வரக்கூடாது என்று சட்டம்.

"மூக்குக்குப் பூசினீங்களா, கொழுந்துக்கா?" கோகிலா முகத்தைப் பொத்தினாள். "சரி, நான் அந்தப் பக்கம் நின்னு மோந்து பாக்குறேன். பழ வாசம் வந்ததும் இருமுறேன். தள்ளிவிடுங்க."

அந்நேரம் தூள் தயாரிப்புக்கெல்லாம் பொறுப்பான டீமேக்கர் கபூர் உள்ளே வந்தார். தைல நெடி தொண்டையில் ஏறி, கோகிலா அடக்கமாட்டாமல் இருமிவிட்டாள்.

"இப்ப அனுப்பலாம்ங்க!" என்றான் யோகராஜ், முகம் மலர.

கபூர் ஆழமாக மூச்சிழுத்தார். "அருமையான மணம்," என்று தலையாட்டினார்.

கோகிலா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாலையில் மேனேஜர் தொரை அந்தத் தூளில் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "பச்சப் புல்லு! அதுல தைலம் வேற!"

"பிழை என்டதான் சேர்," என்றார் கபூர்.

தன் பிழைக்கு அவர் பழி ஏற்றது யோகராஜை உறுத்தியது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, தோட்டத்து ஆள் யார் கண்ணிலும் படாமல் இரத்தினபுரிக்கு பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் மூக்கு கிளினிக் பெஞ்சில் கபூர் உட்கார்ந்திருந்தார்.

ஓட வழியில்லை. "ஐயா, மன்னிச்சிருங்க. எனக்கு ஒரு வாரமா எந்த வாசமும் தெரியல," என்று கொட்டிவிட்டான்.

கபூர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்.

"இரி மகன். எனக்கு மணம் போய் ரெண்டு வருஷம். இவ்வளவு காலமும் ஒன்ட மொகத்தப் பாத்துத்தானே நான் தலையாட்டினேன்!"