கொம்பியூட்டருக்குச் சொன்ன பொய்

சாவியைத் திருப்பினால் வான் "டிக்" என்றது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"என்ன தம்பி, புது எஞ்சின் எண்டாய். செத்த எஞ்சினே இதைவிடச் சத்தம் போட்டுதே!" என்றார் அப்புத்துரை, தன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தபடி. இப்போதெல்லாம் அந்தக் கண்ணாடி இல்லாமல் அவர் வெளியே வருவதில்லை. மனுசனுக்கு இந்த வயதில் ஒரு ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டான் கிருசாந்தன்.

பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் கிருசாந்தன், அந்த வயதுக்காரரை எல்லாம் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவான். அப்புத்துரை மட்டும் 'மாமா'. காரணம் அவருடைய மகள் தேனுகா. துணிந்து பெண்ணும் கேட்டுவிட்டான்.

"நாளைக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நாங்கள் இந்த வானிலை போறம். கலியாணம் பேசி முடிய முதல் நீ கூட வந்தால் சனம் கதைக்கும், நீ நில். வான் ஒழுங்காப் போய் வந்தால் உன்ரை விசயம் கதைப்பம்" என்றிருந்தார் மாமா.

எஞ்சின் தேனுகா தன் சம்பளத்தில் வாங்கியது. தானாகவே கியர் மாற்றும் ஒட்டோ கியர்பொக்ஸும் எஞ்சினை ஆட்டிவைக்கும் கொம்பியூட்டரும் அதோடு சேர்ந்தே வந்திருந்தன. "வந்த மாதிரியே, ஒண்டையும் பிரிக்காமப் பூட்டிவிடுங்கோ" என்று அவள் போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

அப்புத்துரையோ, "கிளச் மிதிச்சுக் கியர் போடாட்டி எனக்கு வான் ஓடின மாதிரியே இராது. என்ரை பழைய கியர்பொக்ஸையே பூட்டு" என்றார்.

மகள் சொல்லா, மாமா சொல்லா? சம்மதம் சொல்லவேண்டியவர் மாமா அல்லவா! பழைய கியர்பொக்ஸ் வானுக்குள் ஏறியது. ஒட்டோ கியர்பொக்ஸ் சுவரோரம் போனது. பாவம் கொம்பியூட்டர், தன் சோடியைத் தேடிக் காணாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"பயப்படாதேங்கோ மாமா. கொம்பியூட்டருக்குச் சின்னப் பொய் ஒண்டு சொன்னாச் சரி."

இரண்டு வயர்களைப் பொருத்தினான். 'ஒட்டோ கியர் இருக்கிறது, பார்க்கிங்கில் நிற்கிறது' என்பது பொய். கொம்பியூட்டர் நம்பியது. எஞ்சின் உறுமியது.

"நீயே ஓடு. நான் சத்தத்தைக் கவனிக்கிறன்" என்று பக்கத்தில் ஏறினார் மாமா.

முரசுமோட்டைப் பக்கம் போனார்கள். போனார்கள் என்று சொல்லக்கூடாது, ஊர்ந்தார்கள். நிறுத்தி வைத்த வானுக்கு எதற்கு வேகம் என்று கொம்பியூட்டர் எஞ்சினை இழுத்துப் பிடித்தது. நெல் மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் என்ற குட்டி உழவு மெசின் ஒன்று அவர்களை முந்தியது. அதை ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

"மானம் போகுதடா!"

கிருசாந்தன் லப்டொப்பை இணைத்து இரண்டாவது பொய்யைச் சொன்னான்: 'பார்க்கிங்கில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது.' ஓடிக்கொண்டிருந்த வான் பறந்தது! ஆனால் பரந்தன் சந்தியை நெருங்கியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"மாமா, இனி வான் நிண்டாக் கொம்பியூட்டர் குழம்பி எஞ்சினையும் நிப்பாட்டிடும். ஓட்டத்திலை இருக்கிற ஒட்டோ கியரை வைச்சுக்கொண்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கொம்பியூட்டர் விடாது."

"அப்ப என்ன செய்யிறது?"

"ஓடுவம்."

ஓடினார்கள். கராஜ் வாசலை ஒரு பஸ் மறித்து நிற்க, சந்தியைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். "தொண்டை வறளுது" என்று மாமா கத்த, தேத்தண்ணிக் கடைக்காரர் யன்னலால் கிளாசை நீட்டினார். அடுத்த சுற்றில் வெறுங் கிளாசை வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த சுற்றில், "வடையும் வேணுமோ?" என்று கேட்டார்.

பஸ் விலக, ஒருவழியாகக் கராஜுக்குள் விட்டு நிறுத்தினான். வான் பொசுக்கென்று செத்தது. அப்புத்துரை இறங்கிக் கதவை அறைந்து சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். போச்சு, கலியாணம் போச்சு! கிருசாந்தனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, இவ்வளவு பொய் சொல்லியாயிற்று, உண்மையைச் சொன்னால் என்ன? லப்டொப்பில் தேடிப்பிடித்து, 'ஒட்டோ கியர் கிடையாது, கையால் போடுகிற கியர்' என்று மாற்றி எழுதினான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் தேன் மாதிரி ஓடியது! நிறுத்தினான், திரும்பவும் ஓடியது!

அந்த நேரம் பார்த்து, "பழைய இரும்பு, பட்டரி" என்று கத்திக்கொண்டு லொறி வந்தது. சந்தோசத்தில் கிருசாந்தனுக்குக் கண் மண் தெரியவில்லை. சுவரோரம் கிடந்த ஒட்டோ கியர்பொக்ஸைத் தூக்கி ஏற்றினான்.

"கொண்டு போங்கோ அண்ணை, காசு வேண்டாம்!"

விடிய எல்லாரும் வந்துவிட்டார்கள். தேனுகாவின் அம்மா விமலேஸ்வரி பொங்கல் பானையோடு பின்னால் ஏறினார். கிருசாந்தன் வானை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான். முன்னே விட்டான், பின்னே விட்டான். அப்புத்துரையின் முகம் மலர்ந்தது.

"கெட்டிக்காரன்! வந்து கதைப்பம், மருமோன்" என்று சாவிக்குக் கை நீட்டினார்.

தேனுகா முந்திச் சாவியைப் பறித்து, ஓட்டுகிற கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். காலைக் கீழே வைத்தவள் குனிந்து பார்த்தாள். கிளச்சோடு மூன்று மிதி. நிமிர்ந்து கிருசாந்தனைப் பார்த்த பார்வையில் பொங்கலே வைத்திருக்கலாம்.

"என்ன பிள்ளை?" என்றார் ஒன்றும் விளங்காத அப்புத்துரை.

பின்னாலிருந்து விமலேஸ்வரி எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"ஐயோ தம்பி, கண் ஒப்பரேசனுக்குப் பிறகு இவர் வானே ஓடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னதாலைதானே பிள்ளை ஒளிச்சு ஒளிச்சுப் பழகி லைசென்ஸ் எடுத்தவள், அதிலை 'ஒட்டோ மட்டும்' எண்டெல்லோ போட்டுக் கிடக்கு!"