மூன்று வேளையும் சரக்கு

எனக்குச் சந்தேகப் புத்தி கொஞ்சம் அதிகம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வைத்தியர் “ஒண்டுமில்லை” என்றால் எதையோ மறைக்கிறார் என்று நினைப்பேன். கடையில் தேநீர் ருசியாக இருந்தால் அதில் எதைக் கலந்தார்கள் என்று யோசிப்பேன். இப்படிப்பட்ட ஒருவனைத்தான் வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் “நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்டுவர அனுப்பினார்கள்.

பல்கலைக்கழகம் முடித்துவிட்டு லிங்கநகரில் சும்மா இருந்த காலம். தாய்சேய் போசாக்கு ஆய்வு ஒன்றுக்கு விவரம் சேகரிக்க ஆள் தேடினார்கள். போனேன், எடுத்துவிட்டார்கள். (ஏன் எடுத்தார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது.) நான் வீட்டில் கடைக்குட்டி. பிள்ளை பெற்ற வீட்டுக் குசினியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த தமிழிலும் பாதி இந்தியப் படங்களில் படித்தது.

பயிற்சி வகுப்பில், “தாய்மார் சில நேரம் மிஸ்ஸிக்குப் பிடிச்ச பதிலைத்தான் சொல்லுவினம், கவனமாக் கேளுங்கோ” என்றார்கள். மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் வீடு வீடாக வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் மருத்துவ மாது. மற்றவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். நான் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டேன். முதல் கிழமை போன வீடெல்லாம் “கீரை” என்றார்கள். நான் குப்பைக்குள் கீரைத்தண்டு தேடினேன். ஒரு வீட்டில் தண்டு கிடைக்கவில்லை. அந்த வீட்டு ஆட்டைச் சந்தேகித்தேன்.

எனக்குத் தந்த சல்லி என்ற மீனவக் கிராமத்திலும் என்னை யாரும் நம்பவில்லை. நிவாரணத்தை வெட்ட வந்தவன் என்று சிலர் சொன்னார்கள். பிள்ளையின் நிறையை வாசித்தால், “சத்தமாச் சொல்லாதேங்கோ தம்பி, நாவூறு படும்” என்று வாயை அடைத்தார்கள். அப்படி ஒரு காலையில்தான் சுதாவின் வீட்டுக்குப் போனேன். கணவன் கடற்றொழில். பிள்ளை பிறந்து இருபது நாள்.

“நேற்று விடிய என்ன சாப்பிட்டனீங்கள் அக்கா?”

“சோறும் சரக்கும்.”

விவரம் பதியத் தந்த டெப் கணினியில் தட்டிக்கொண்டிருந்த என் விரல் அப்படியே நின்றது.

“மத்தியானம்?”

“அதுவும் சரக்குத்தான்.”

“இரவு?”

“புட்டு. பிறகு கொஞ்சம் சரக்குக் குடிச்சிட்டுப் படுத்தனான்.”

“ஆர் இதைத் தாறது?”

“மாமிதான். வேண்டாமெண்டாலும் விடமாட்டா. குடிச்சு முடியுமட்டும் பக்கத்தில நிப்பா.”

“குடிச்சா எப்பிடி இருக்கும்?”

“முதல்ல தொண்டை எரியும். பிறகு உடம்பு சூடாகி வேர்க்கும், நல்லா நித்திரை வரும். இப்ப பழகிட்டுது.”

பழகிவிட்டதாம்! மிச்சம் இருந்தால் கணவனுக்கும் ஒரு கோப்பை உண்டாம், கடற்குளிருக்கு நல்லதாம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை இப்படித்தானாம். நான் கழுத்தை நீட்டிக் குசினிக்குள் பார்த்தேன். சுவர்த்தட்டில், மாவு வைக்கும் பேணிக்குப் பின்னால், ஒரு சாராயப் போத்தல். முக்கால்வாசி நிறைந்திருந்தது.

“என்ன தம்பி, குசினிக்குள்ள எட்டிப் பாக்கிறியள்?” மாமி பின்னால் வந்து நின்றார். பெயர் மரகதம்.

“ஒண்டுமில்லை அம்மா.”

“ஒண்டுமில்லாததைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?”

பிள்ளையை நிறுத்தேன். நல்ல நிறை. தராசில் பிழை என்று முடிவு கட்டினேன்.

டெப்பில் ‘உடனடிக் கவனம் தேவை’ என்று ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது. அதில் ‘சரக்கு’ என்று எழுதியிருந்தால் அலுவலகத்தில் யாராவது சிரித்து அங்கேயே முடித்திருப்பார்கள். நான் படித்தவன் அல்லவா? ‘தாய் மூன்று வேளையும் மது அருந்துகிறார். மாமியார் வற்புறுத்துகிறார்’ என்று அழகாக மொழிபெயர்த்து அனுப்பினேன். அன்றிரவு, ஒரு பச்சைக் குழந்தையைக் காப்பாற்றிய பெருமையில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் சுதாவின் வாசலில் அலுவலக வான் வண்டி போய் நின்றது. ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டர் அம்மா, சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தர், மிஸ்ஸி, கடைசியாக நான். ஒழுங்கை முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். உத்தியோகத்தர் “பிள்ளையின்ர பாதுகாப்பு” என்று தொடங்கியதுதான் தாமதம், சுதா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டாள்.

“பிள்ளையைக் கொண்டுபோகவோ வந்தனீங்கள்? நான் தரமாட்டன். என்ன செய்தாலும் தரமாட்டன்.”

பிள்ளை வீரிட்டு அழுதது.

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். “தம்பி, கிழமைக்கு ஒருக்கா நான் இந்த வீட்டுக்கு வாறனான். எனக்குத் தெரியாமல் இவ குடிக்கிறாவோ? அவ சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ.”

“சரக்கு... மூண்டு நேரமும் சரக்கு எண்டவ.”

மிஸ்ஸி தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் விழுந்து சிரித்தார். டொக்டர் அம்மா சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார். ஒழுங்கையில் அடக்குவதற்கு யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

மரகதம் மாமி சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அரைத்து மீன் போட்டுக் காய்ச்சிய மஞ்சள் குழம்பு. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறவும் பால் ஊறவும் கொடுப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த சரக்கு அதுதான். அடுத்ததாகப் போத்தலைக் கொண்டுவந்து உத்தியோகத்தரின் உள்ளங்கையில் ஊற்றினார். நல்லெண்ணெய்.

“இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ தம்பி,” என்றார். “அப்பதான் மறக்கமாட்டியள்.”

சாப்பிட்டேன். மிளகில் கண்ணீர் வந்தது. எல்லாம் மிளகால் வந்ததல்ல. சுதாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதில் அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

திரும்பும் வழியில் டொக்டர் அம்மா ஒன்றுதான் சொன்னார்: “அவை சொன்னதை எழுதுங்கோ. உங்களுக்கு விளங்கினதை எழுதாதேங்கோ.” அடுத்த மாதமே படிவத்தில் ‘சரக்கு’ என்று தனிக் கட்டம் வந்தது. இந்த ஆய்வுக்கு நான் செய்த ஒரே தொண்டு அது.

சல்லியில் என் பெயரும் மாறிவிட்டது. ‘சரக்குத் தம்பி.’ நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, இருந்தும் பெயர் நிலைத்துவிட்டது. சில வருடங்களின் பின் கப்பல்துறை என்ற ஊரில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் தகப்பன் என்னைப் பற்றி விசாரிக்கச் சல்லிக்கே போனார்.

“ஆர், சரக்குத் தம்பியோ?” என்று மீன் வாடியில் ஒருவர் மலர்ந்த முகத்தோடு கேட்டிருக்கிறார். “நல்ல பொடியன். இங்க அவரைத் தெரியாத ஆக்கள் இல்லை.”

மனிதர் வெலவெலத்துப் போனார். சம்பந்தம் முறியாமல் காப்பாற்றியது சுதாதான். அந்த வாடியில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, “அவர் குடிக்கமாட்டார் ஐயா, நம்பிக் குடுங்கோ,” என்றிருக்கிறாள். “ஆனா அவர் எதையாவது எழுதினா மட்டும் நீங்கள் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.”

கல்யாணம் நடந்தது, பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனாலும் என் மாமனார் வாசலில் என்னைக் கண்டால், இன்றைக்கும் கிட்ட வந்து ஒருமுறை மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் “வாங்கோ மருமகன்” என்கிறார்.