மூன்று துண்டுச்சீட்டுகள்

நான் பெரிய முன்யோசனைக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஜுமாவின் வைவா என்ற வாய்மொழித் தேர்வோடு அது தொலைந்தது.

ஜுமா தான்சானியாக்காரன். எல்லோரும் லண்டன், அமெரிக்கா என்று பறக்கையில் இவன் முனைவர் பட்டத்துக்குத் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தான். (ஏன் என்று கேட்டால், "இங்கனதான் இடம் கொடுத்தாவ" என்பான்.) ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. நாலு வருடம் தாமிரபரணித் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வந்து சோதித்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. இங்கே வந்த பிறகு பிறந்த மகளை அவன் செல்போனில் மட்டுமே பார்த்திருந்தான். விசா முடிய மூன்று வாரம் இருந்தது. வைவாவில் ஏதாவது சிக்கல் வந்தால் பட்டம் இல்லாமல்தான் மகளைப் பார்க்கப் போகவேண்டும்.

வைவாவில் பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம். அதனால் ஒரு சுலபமான கேள்வியை யாரிடமாவது கொடுத்து வைப்பது எங்கள் வழக்கம். (வெளியே சொல்லிவிடாதீர்கள்.) முன்வரிசையில் மாணவரின் குடும்பம் உட்காரும். ஜுமாவுக்கு யார் இருக்கிறார்கள்? என் வாப்பாவையும் உம்மாவையும் வாப்பாவின் தம்பி சாச்சாவையும் கூட்டிப்போனேன். ஒருவர் பயந்துவிட்டால் இன்னொருவர் கேட்கட்டும் என்று, மூவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியை எழுதிக் கொடுத்தேன். "யாரும் கேக்கலைன்னா நீங்க கேளுங்க" என்றேன். "நீங்க கேளுங்க" மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

முதலில் வாப்பா எழுந்தார். "இந்த ஆய்வால் ஆற்றங்கரை மக்களுக்கு என்ன பயன்?" ஜுமா மனப்பாடம் செய்த பதிலைப் பிரமாதமாகச் சொன்னான். கைதட்டல். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அடுத்து உம்மா எழுந்தார். சீட்டைப் பிரித்தார். "இந்த ஆய்வால் ஆற்றங்கரை மக்களுக்கு..."

ஜுமா திருதிருவென்று விழித்துவிட்டு அதே பதிலைச் சொன்னான். சாச்சா எழுந்தபோது நான் குனிந்து ப்ரொஜெக்டர் வயரை ஆராயத் தொடங்கினேன். மூன்றாவது தடவையும் பதில் வந்தது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருப்பா இவங்கள்லாம்?"

போச்சு, எல்லாம் என்னால்தான் என்று எனக்கு வியர்த்துவிட்டது. ஜுமா நிதானமாகச் சொன்னான். "எங்க வீட்டு ஆளுங்க சார். அங்கன உள்ளவங்களால வர முடியல. அதான் இவங்க வந்திருக்காவ."

வாப்பா மறுபடி எழுந்தார். "கேள்வி ஒண்ணுதான் சார். ஆனா பிள்ளை மூணு தடவையும் மாத்தாமச் சொன்னாம்லா!"

தேர்வாளர் சிரித்துவிட்டார். பட்டம் கிடைத்தது. ஜுமாவைக் கட்டிக்கொண்டு அழுதது நான்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சொன்னதையே சொன்னால், "சீட்டை உள்ள வையி" என்பார்கள். ஜுமா தன் மகளுக்கு ஒரே ஒரு தமிழ் வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். வீடியோ அழைப்பில் வந்ததுமே அவள் என் உம்மாவிடம் கேட்பாள்: "இந்த ஆய்வால் ஆற்றங்கரை மக்களுக்கு என்ன பயன்?"

உம்மா சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வார்: "ஒரு பேத்தி கிடைச்சிருக்காளே, வேற என்ன வேணும்?"