பேக்கரியில் கசிந்த நேசமணி

"இனி இந்த வீட்டைப் பத்தி ஒரு சொல்லு வெளிய போகப்படாது. போன்ல எவன் என்ன கேட்டாலும் வாயைத் தொறக்காத. கேட்டியா?"

குலசேகரத்து ரப்பர் வியாபாரி நேசமணி காலைப் புட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மனைவியிடம் இப்படி முழங்கினார். முழக்கம் பலமாகத்தான் இருந்தது. கைதான் புட்டுப் பக்கம் போகவில்லை. காரணம், அந்தக் கையிலிருந்த பேப்பர். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரியின் கம்ப்யூட்டருக்குள் எவனோ புகுந்துவிட்டானாம். பேர், போன் நம்பர், யார் யார் என்னென்ன வாங்கித் தின்றார்கள் என்பது வரை அள்ளிக்கொண்டுபோய் இன்டர்நெட்டில் போட்டுவிட்டானாம்.

ஊரே நம்பர் போச்சே என்று பதறியது. நேசமணிக்கு நம்பர் போனால் போகட்டும். லட்டுதான் பயம்.

மனிதருக்குச் சர்க்கரை. இனிப்பைத் தொடுவதில்லை என்று மனைவி இசபெல்லிடம் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். சத்தியம் செய்தது இடது கை, லட்டைத் தொட்டது வலது கை. "இனி தின்னது தெரிஞ்சா ஸ்கூட்டர் சாவி எனக்க இடுப்புலதான் இருக்கும். நீங்க நடந்து போங்க" என்று அவள் அன்றே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள், பாவி மனுஷி.

"என்னவாக்கும் இப்படி வேர்க்குது?" என்றாள் இசபெல்.

"புட்டு சூடு."

"அது ஆறிப் போயாச்சே. பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

"களவு."

"எங்க?"

"பேக்... பேங்குல."

"பேங்குக் களவுக்கு எதுக்கு லட்டு படம்?"

"அது விளம்பரம்."

"ஓ."

நேசமணி பேப்பரை அவசரமாகக் கவிழ்த்து வைத்தார். "யாராவது எனக்க பேரு அதுல இருக்குன்னு சொன்னா நம்பாத. கள்ளனுவ சும்மா எழுதுவானுவ."

"எதுல?"

"ஒண்ணுமில்ல!"

புட்டை அப்படியே விட்டு எழுந்தார். பேப்பரையும் அங்கேயே விட்டார். ஓடிப்போய் முதலில் ஸ்கூட்டர் சாவியை ஒளித்தார். அப்புறம் ரப்பர் ஷீட்டு காயப்போடும் புகையறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தார்.

"வணக்கம் சார். பேக்கரி ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க விவரம் திருடு போயிருக்கு சார்."

மூக்கடைத்தது போன்ற ஒரு பெண் குரல். ஒரு பெண் இத்தனை சார் போட்டுத் தன்னிடம் பேசி நேசமணி கேட்டதே இல்லை. ஆனாலும் உஷாரானார்.

"நான் எப்படி நம்புகது? நீங்களே கள்ளக் கூட்டமா இருந்தா?"

"ஐயோ, வெப்ராளப்படாதீங்க சார்."

வெப்ராளம்! நேசமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கள்ளன் எங்கேயோ தூரதேசத்திலிருந்து பேசுவான். அவனுக்கு டென்ஷன் தெரியும், பதற்றம் தெரியும். நம்ம ஜில்லா எல்லையான தோவாளை தாண்டினால் வெப்ராளம் எவனுக்குத் தெரியும்? சந்தேகமே இல்லை, நம்ம ஊர்ப் பிள்ளை!

"மக்களே, எனக்க பேரை அழிச்சிர முடியுமா?"

"வாங்கினதை நீங்களே சொன்னாத்தான் அழிக்க முடியும் சார்."

"லட்டு."

"அப்புறம்?"

"ஜிலேபி. பால்கோவா. பிளம் கேக்கு."

"கேக்கு கிறிஸ்துமசுக்கு வாங்கினதா சார்?"

"இல்ல, நேத்து."

மறுமுனையில் நறநறவென்று ஒரு சத்தம். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"வீட்டுல யாருக்காவது தெரியுமா சார்?"

"எனக்க பெஞ்சாதிக்கா? அவளுக்கு இந்தக் கம்ப்யூட்டர் எழவெல்லாம் ஒண்ணும் தெரியாது. பாவம்."

மறுபடி அதே நறநற, இன்னும் பலமாக. நேசமணி போனைத் தட்டிப் பார்த்தார்.

"மக்களே? லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன் சார். கடைசியா ஒரே கேள்வி. வாங்கினது நீங்கதான்னு உறுதிப்படுத்தணும். நீங்க வந்த வண்டியோட சாவி இப்ப எங்க இருக்கு?"

"கரண்டு மீட்டர் பெட்டிக்கு மேல. சொல்லியாச்சில்லா, அழிச்சிருவியதானே?"

பதில் போனில் வரவில்லை. புகையறைச் சுவருக்கு அந்தப் பக்கம், இசபெல் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது கேட்டது.

"சபிதா, இந்தா உனக்க போன். மீட்டர் பெட்டி மேலயாக்கும், அந்தச் சாவியை எடு."